ஷோரூமில் மாட்டிக் கொடுத்த ஃபாக் லைட்டும் கிராஷ் கார்டும் தொல்லை கொடுக்கிறதா?

நீங்கள் சொன்னதை ஒருமுறை கோத்துப் பார்க்கிறேன். புது பைக். டெலிவரி எடுத்த அன்றே ஷோரூம்காரர்கள் இரண்டு ஃபாக் லைட், கிராஷ் கார்டு, கைகளை மறைக்கும் ஹேண்ட் கார்டு, ஹேண்டில்பாரில் ஒரு யூஎஸ்பி சார்ஜர் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டு முறை ஃப்யூஸ் போனது, போகும்போது ஹாரனும் பிரேக் லைட்டும் சேர்ந்தே செத்துவிட்டன. இரண்டாவது முறை கொண்டுபோனால் "கொஞ்சம் பெரிய ஃப்யூஸா போட்டுட்டோம் சார், இனிமே போகாது" என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் வண்டியைத் தொடாமல் விட்டால் செல்ஃப் எடுக்கவில்லை. ஈடாக, அடுத்த முறை கிரிப் ஹீட்டர் ஒன்றை இலவசமாக மாட்டித் தருகிறோம் என்கிறார்கள். நானே பிரித்துப் பார்க்கலாமா, பார்த்தால் வாரண்டி போய்விடுமா, அந்த கிரிப் ஹீட்டரை ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பெரிய ஃப்யூஸை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஃப்யூஸ் இருப்பது ஒயருக்காக. ஒயர் எவ்வளவு கரண்டைச் சூடாகாமல் தாங்குமோ அதற்கு முன்பே ஃப்யூஸ் உருகி லைனை அறுத்துவிட வேண்டும், அதற்குத்தான் கம்பெனி கணக்குப் போட்டு ஒரு அளவு வைக்கிறது. 10 ஆம்பியர் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைச் சொருகினால் என்ன ஆகும் தெரியுமா? ஒயர் எங்கேயோ ஃப்ரேமில் உரசி அரைகுறையாக ஷார்ட் ஆகி 15 ஆம்பியர் ஓடினாலும் ஃப்யூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், மெல்லிய ஒயர் சூடேறிக்கொண்டே போகும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ சரியான அளவு இருக்கும், அதையே போடுங்கள். ஃபாக் லைட்டின் கப்ளர் (ஒயரை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) கைக்கு எட்டினால் கழற்றி வைத்துவிடுங்கள். அதன் பிறகு ஃப்யூஸ் போகாமல் ஹாரனும் பிரேக் லைட்டும் ஒழுங்காக வேலை செய்தால், கம்பெனி ஒயரிங்கில் குறை இல்லை, பின்னால் ஒட்டவைத்ததில்தான் குறை என்று பாதி தெரிந்துவிடும். கப்ளரைக் கழற்றிய பிறகும் போகிறது என்றால் கப்ளருக்கு முன்னால் வரும் ஒயரில்தான் எங்கோ உரசல். அப்படியானால் வண்டியை ஓட்டாதீர்கள், அவர்களே வந்து எடுத்துப் போகட்டும். பிரேக் லைட் எரியாத வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் போக வேண்டாம்.

ஃபாக் லைட் போனால் ஹாரனும் பிரேக் லைட்டும் ஏன் சேர்ந்து போக வேண்டும்? ஃபாக் லைட்டுக்கென்று தனி லைன் இழுக்கவில்லை. சாவி போட்டால் உயிர் வரும் ஏதோ ஒரு கம்பெனி ஒயரைப் பிடித்து அதிலிருந்தே கரண்டைத் திருடியிருக்கிறார்கள், அநேகமாக ஹாரன் ஒயராக இருக்கும், கைக்குச் சுலபமாகக் கிடைப்பது அதுதான். இதற்கு இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று, ஒயரின் மேல்தோலைச் சீவி இன்னொரு ஒயரை முறுக்கி மேலே கறுப்பு டேப் சுற்றுவது. இன்னொன்று, நீலமோ சிவப்போ நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப். இரண்டு ஒயரையும் உள்ளே வைத்து பிளையரால் அழுத்தினால் உள்ளிருக்கும் தகடு தோலைக் கிழித்துக்கொண்டு செம்பைத் தொடும். பத்து விநாடி வேலை, அதனால்தான் அவர்களுக்குப் பிடிக்கும். ஒயரின் கனத்துக்கும் கிளிப்பின் அளவுக்கும் பொருத்தம் இல்லையென்றால் அந்தத் தகடு செம்பு இழைகளில் பாதியை வெட்டிவிடும், மீதிப் பாதி அதிர்வில் ஒவ்வொன்றாக அறும், கிழிந்த வாய் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

என் பழைய வண்டியில் இது நடந்தது. டீலர் மாட்டிக் கொடுத்த ஃபாக் லைட் எட்டு மாதம் நன்றாக எரிந்தது, ஒரு மழை நாளில் மினுக்கி மினுக்கி நின்றது. டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். டேப் சூட்டில் இளகி ஒரு விரற்கடை நகர்ந்து போயிருந்தது, தொட்டால் விரலில் கறுப்புப் பசை. உள்ளே மூன்று ஒயரை ஒன்றாக முறுக்கியிருந்தார்கள், செம்பெல்லாம் பச்சைப் பாசி பிடித்து, லேசாக இழுத்ததும் ஒன்று கையோடு வந்துவிட்டது. அதிலிருந்து நாலு விரல் தள்ளி ஒயர் டேங்கின் போல்ட் உட்காரும் இடத்தில் சிக்கித் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. அது ஏன் அதுவரை தீப்பிடிக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும். உங்கள் வண்டியில் முதலில் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். சாவியை ஆஃப் செய்துவிட்டு முழுக்க இடது பக்கம் திருப்புங்கள், அப்புறம் முழுக்க வலது பக்கம். புதிதாக வந்த ஒயர் எதுவும் விறைத்து இழுபடக் கூடாது, ஃப்ரேமுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மாட்டி நசுங்கவும் கூடாது. கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கும் இடத்தில் ஒயர் அசையவே வழியில்லாமல் இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அதே இடத்தில்தான் மடங்கும். அடுத்து, சைலன்சர் பைப் எஞ்சினிலிருந்து இறங்கும் இடம். கிராஷ் கார்டில் ஃபாக் லைட் மாட்டினால் ஒயர் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும், ஒரு அரை அடி தள்ளிக் கொண்டுபோகச் சோம்பல்பட்டால் தோல் உருகிவிடும். மட்கார்டு பக்கம் மாட்டியிருந்தால் ஃபோர்க் அமுங்கும்போது ஒயர் என்ன ஆகிறது என்று முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை அமுக்கி அமுக்கிப் பாருங்கள். டேங்குக்கு அடியில் பார்க்க அவசரப்பட வேண்டாம், அது டீலர் முன்னால் திறக்க வேண்டிய இடம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பேட்டரி இறங்குவது வேறு கதை, என் சந்தேகம் யூஎஸ்பி சார்ஜர் மேல். அதை நேராக பேட்டரியில் கொடுத்திருப்பார்கள், சாவி எடுத்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் அந்த நீல விளக்கும் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம், கிட்டத்தட்ட 1 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). நாலு நாளில் 4 ஆம்பியர் அவர். உங்கள் பேட்டரி 8 ஆம்பியர் அவர் என்றால் பாதி காலி, செல்ஃப் மோட்டார் அதற்கு மேல் எங்கே சுற்றும்? இதை நீங்களே அளந்து பார்க்கலாம், சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், சிவப்பு புரோபை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள், டயலையும் ஆம்பியருக்குத் திருப்புங்கள், ஒரு புரோப் கழற்றிய ஒயரில், இன்னொன்று பேட்டரியின் நெகட்டிவ் முனையில். வைத்த உடனே எண் கொஞ்சம் ஏறும், சில விநாடியில் அடங்கும், அடங்கிய எண்தான் கணக்கு. மீட்டர் இப்படி இருக்கும்போது மறந்தும் சாவி போட்டு செல்ஃப் பட்டனை அழுத்திவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸோ மீட்டரோ போய்விடும். கடிகாரம், இசியூ (எஞ்சினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்) மட்டும் உள்ள வண்டி என்றால் சில மில்லி ஆம்பியர்தான் காட்ட வேண்டும். 30, 40 மில்லி ஆம்பியர், அதாவது மீட்டரில் 0.03, 0.04 என்று காட்டினால் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். எண் சட்டென்று விழுந்தால் ஆளைப் பிடித்தாயிற்று, அந்த மீட்டரை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.

போல்ட் நட்டு சமாச்சாரத்துக்கு வருவோம். இதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை, ஒயரை இப்படிச் செய்தவர்கள் ஸ்பானரை மட்டும் பக்குவமாகப் பிடித்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. அதிலும் ஹேண்ட் கார்டு. எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி விடுங்கள், டக்கென்று தானாகத் திரும்பி வர வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒரு தடவை, முழு இடத்தில் ஒரு தடவை, முழு வலத்தில் ஒரு தடவை. ஹேண்ட் கார்டை மாட்டும்போது ஹேண்டில்பாரின் நுனியில் இருக்கும் பார் எண்டு வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு போல்ட்டை இறுக்குவார்கள், அது கிரிப்பின் நுனியை உரசினால் ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் நின்றுவிடும். இடையில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் நியூட்ரலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஆர்பிஎம் தானாக ஏறினால் ஏதோ கேபிள் இழுபடுகிறது. இந்த இரண்டில் எது தவறினாலும் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பிரேக் லிவரையும் கிளட்ச் லிவரையும் கடைசி வரை அழுத்திப் பாருங்கள், ஹேண்ட் கார்டின் கிளாம்பில் இடிக்கக் கூடாது. பிரேக் ஹோஸை அந்த கிளாம்ப் வளைத்துத் தள்ளியிருந்தால் அதுவும் சரி கிடையாது.

கிராஷ் கார்டு பல வண்டிகளில் எஞ்சினை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் அதே போல்ட்டில்தான் உட்காரும். பழைய போல்ட்டை எடுத்துவிட்டு நீளமான ஒன்றைப் போடுவார்கள். கார்டின் தகட்டு கனம் சேர்ந்த பிறகு நட்டில் முழு மரையும் பிடித்து, போல்ட்டின் நுனி ஒன்றிரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். நட்டுக்குள்ளேயே போல்ட் முடிந்துபோயிருந்தால் பழைய நீளத்துப் போல்ட்டையே போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சின் பக்கம் அலுமினியத்தில் நேரடியாக மரை வெட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், கோணலாக நுழைத்து ஒருமுறை ஸ்பானரால் அழுத்தினாலே மரை வழித்துக்கொண்டு போய்விடும். கையேட்டில் இந்தப் போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்று போட்டிருக்கும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து அவர்களையே உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு முறை எனக்கு வண்டியோடு ஒரு பிளாஸ்டிக் கவரும் கொடுத்தார்கள். "இது மிச்சம் சார்." உள்ளே இரண்டு ஸ்பேசர், மூன்று வாஷர், பிரிக்காத ஒரு மடிப்புத் தாள். அந்தத் தாளைப் பிரித்தால் மாட்டும் முறையைப் படம் போட்டு விளக்கியிருந்தது, அந்த இரண்டு ஸ்பேசரும் கார்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்கார வேண்டியவை. உங்களுக்கும் ஏதாவது மிச்சம் கொடுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது ஆதாரம்.

வைசர், விண்ட்ஷீல்டு எதையாவது மாட்டியிருந்தால் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சில பேர் போல்ட் கழலக் கூடாது என்று மரையில் பூசும் லாக்டைட்டைப் பிளாஸ்டிக் பக்கத்திலும் தாராளமாக விடுவார்கள், அது பாலிகார்பனேட்டையும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் அரித்து வெடிக்க வைக்கும்.

சரி, டீலரிடம் எப்படிப் பேசுவது. அவர்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டெலிவரி நாளில் நாலு வண்டி வரிசையில் நிற்கும், வாங்க வந்தவர்கள் மாலையோடு நிற்பார்கள், நல்ல மெக்கானிக் எல்லாம் சர்வீஸ் பக்கம் இருப்பார்கள், ஆக்சஸரி மாட்டும் வேலை போன மாதம் சேர்ந்த பையனிடம் போகும். அவனுக்கு ஒயரிங் படம் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள், முக்கால் மணி நேரத்தில் முடி என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அதனால் அந்தப் பையனிடம் கத்துவதில் ஒரு பயனும் கிடையாது, சர்வீஸ் அட்வைசரிடம் கத்தினாலும் தலையாட்டிவிட்டு ஜாப் கார்டில் "எலக்ட்ரிக்கல் செக்" என்று இரண்டு வார்த்தை எழுதி உள்ளே அனுப்புவார், உள்ளே ஃப்யூஸ் மாறும், வண்டி வெளியே வரும். உங்களுக்கு நடந்ததும் அதுதானே.

இடம் காட்டி, பெயர் சொல்லிக் கேட்டால்தான் வேலை நடக்கும். "ஃபாக் லைட் சரியில்லை" என்று சொன்னால் எரிகிறதே சார் என்பார்கள். "ஹாரன் ஒயரிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறீர்கள், ரிலே இல்லை, தனி ஃப்யூஸ் இல்லை, 10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியர் போட்டிருக்கிறீர்கள், கழுத்துப் பகுதியில் ஒயர் தோல் உரிந்திருக்கிறது, சார்ஜர் சாவி எடுத்த பிறகும் 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது" என்று எழுதி போட்டோவோடு கொடுத்தால் ஒர்க்ஷாப் மேனேஜர் எழுந்து வருவார். (ரிலே என்பது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்.) நேரில் சொன்னதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஜாப் கார்டில் ஒவ்வொரு வரியும் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்த மஞ்சள் ஃப்யூஸையும் பத்திரமாக வைத்திருங்கள், எடுப்பதற்கு முன்னால் அது பெட்டியில் இருந்தபடி ஒரு போட்டோ.

டேங்கை நீங்களே திறக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். கண்ணால் பார்ப்பது, மீட்டர் வைத்து அளப்பது, ஃப்யூஸை அதே அளவில் மாற்றுவது எல்லாம் வண்டிக்காரனின் உரிமை, அதைக் காட்டி யாராவது வாரண்டி கிடையாது என்றால் கையேட்டில் எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒயரை வெட்டுவதும் பிரிப்பதும் வேறு. நீங்கள் கை வைத்துவிட்டால் "நாங்க நல்லாத்தான் பண்ணோம், நீங்கதான் நோண்டிட்டீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்போது அந்த வெட்டு அவர்களுடையது, அவர்கள் கையெழுத்தோடு அப்படியே இருக்கட்டும். பில்லில் ஆக்சஸரிகளின் பெயரும் மாட்டிய கூலியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எழுதி வாங்குவதுதான் முதல் வேலை, ஏனென்றால் வண்டிக் கம்பெனியின் வாரண்டி வேறு, லைட் செய்த கம்பெனியின் வாரண்டி வேறு, மாட்டிய வேலைக்குப் பொறுப்பு வேறு. எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். கடைசியாகச் சொன்னது முழுக்க டீலர் தலையில்தான் விழும். அவர் மசியவில்லை என்றால் ஜாப் கார்டு எண், போட்டோ, தேதி எல்லாவற்றையும் போட்டு வண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள்.

ஒப்புக்கொண்டார்கள் என்றால் ஒட்டுப் போட விடாதீர்கள். பழைய ஒயரை முழுக்க உருவி எடுத்து, கம்பெனி ஒயரில் கிழித்த இடத்தைச் சால்டர் செய்தோ நல்ல கிரிம்ப் போட்டோ, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் சுருக்கி மூட வேண்டும். ஃபாக் லைட்டுக்குப் புது லைன் பேட்டரியிலிருந்து வர வேண்டும், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃப்யூஸ். ஒன்று 20 வாட் வீதம் இரண்டு லைட் என்றால் 40 வாட், 12 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர் சொச்சம், 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், மிஞ்சினால் ஏழரை. நடுவில் ஒரு ரிலே. அதன் அடியிலேயே எண் போட்டிருக்கும்: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 லைட்டுக்குப் போவது, 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் கம்பிச்சுருளின் (காயில்) முனைகள். சாவி போட்டால் உயிர் வரும் ஒயரும் உங்கள் சுவிட்சும் அந்த காயிலை மட்டும்தான் இயக்க வேண்டும், அதற்கு 0.2 ஆம்பியர் கூட ஆகாது, கம்பெனி ஒயருக்கு ஒரு பாரமும் இல்லை. எர்த்தைப் பெயின்ட் மேல் போல்ட் போட்டு இறுக்காமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். யூஎஸ்பி சார்ஜருக்கும் இதே கதைதான், சாவி எடுத்தால் அது சாக வேண்டும். ஒயரிங்கில் கேன் பஸ் (கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது லைன்) உள்ள வண்டி என்றால் இந்தக் கதையே மாறும், அதில் கண்ட ஒயரில் கை வைத்தால் கண்ட்ரோல் யூனிட் கரண்ட் கணக்கு இடிக்கிறது என்று அந்த லைனையே அணைத்துவிடும், கம்பெனி கொடுத்திருக்கும் ஆக்சஸரி கப்ளரைத்தான் தேட வேண்டும்.

டேங்கை மூடுவதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லுங்கள், போய் நின்று போட்டோ எடுங்கள். ஒர்க்ஷாப்புக்குள் விட மாட்டோம் என்றால் அவர்களையே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டியை வாங்கும்போது மேலே சொன்ன ஹேண்டில் திருப்பும் சோதனையை ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரனையும் அடித்துக்கொண்டு, அங்கேயே செய்யுங்கள். இரண்டு நிமிடம்தான்.

கடைசியாக அந்த இலவச கிரிப் ஹீட்டர். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பெட்டியைப் பிரிக்காமல் வாங்கி வந்துவிடுங்கள். அது 30, 40 வாட் இழுக்கும், அதற்கும் தனி லைன், தனி ஃப்யூஸ் வேண்டும், அதை விட முக்கியமாக ஆக்சிலேட்டர் பக்கம் ஒட்டும் பசை ஒரு துளி உள்பக்கமாக வழிந்தாலும் கிரிப்புக்குள் சுழலும் ட்யூப் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொள்ளும், கிரிப்பிலிருந்து வரும் ஒயருக்கு முழுத் திருகலுக்கும் போதுமான வளைவு விடாவிட்டால் அந்த ஒயரே ஆக்சிலேட்டரைப் பிடித்து நிறுத்தும். அதை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம், அவசரமில்லாத ஒரு நாளில், பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளுங்கள்.